மிஷின் ஓடுகிறது, பீஸ் மட்டும் வருவதில்லை

கணபதி, சிஎன்சி ஜாப் ஒர்க்:

எங்கள் பக்கம் எந்தப் பட்டறையில் கேட்டாலும் "மிஷின் நிற்கவே இல்லைங்க" என்றுதான் பதில் வரும். பொய்யும் இல்லை. ஓஇஇ (மிஷினிடமிருந்து வரவேண்டியதில் எத்தனை சதம் நல்ல பீஸாக வந்தது) கணக்குப் போட்டால்தான் ஓட்டை தெரியும். மிஷின் ஓடிய நேரம், ஓடிய வேகம், தேறிய பீஸ் மூன்றின் சதவீதத்தையும் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, 8 மணி ஷிப்டில் சாப்பாடு, டீ போக 450 நிமிடம். செட்டிங்கும் (அடுத்த ஜாபுக்கு மிஷினைத் தயார் செய்வது) பிரேக்டவுனும் 45 நிமிடம் தின்றால் மிச்சம் 405, அதாவது 90 சதம். பீஸுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 270 வர வேண்டும், வந்ததோ 216. அது 80 சதம். அதில் 8 ரிஜெக்ட், தேறியது 96 சதம். பெருக்கிப் பாருங்கள், 69 சதம்தான். லாக் புக்கில் ஏறுவது அந்த 45 நிமிடம் மட்டும். வராத 54 பீஸுக்கான 81 நிமிடத்தை யாரும் எழுதுவதில்லை.

அந்த 81 நிமிடத்தை ஒரு பட்டறையில் கண்ணால் பார்த்தேன். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பம்ப் சாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. சிப்ஸ் (கடையும்போது உரியும் உலோகச் சுருள்) உடையாமல் நீள நீளமாக வந்து சாஃப்டைச் சுற்றிக்கொள்ளும். நாலைந்து பீஸுக்கு ஒருமுறை ஆபரேட்டர் கதவைத் திறந்து கொக்கியால் இழுத்துப் போடுவார். டூல் நகரும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபீட் நாப் 70 சதத்தில் நின்றது. "ஏந் தம்பி இவ்வளவு குறைச்சு வெச்சிருக்கீங்க?" என்றால், "இன்செர்ட் உடைஞ்சா மொதலாளி என்னையத்தானுங்கண்ணா கேப்பாரு" என்றார். இன்செர்ட் என்பது டூலின் வெட்டு முனை.

ஃபீட்டைக் குறைத்தால் சிப் மெலிசாகும், மெலிசான சிப் உடையாது. பயந்து குறைத்ததாலேயே கதவு அடிக்கடி திறந்தது. எஸ்எஸ்ஸுக்கு ஏற்ற சிப் பிரேக்கர் (சிப்பை உடைக்கும் பள்ளம்) உள்ள இன்செர்ட் போட்டு, நாப்பை 100-க்கு ஏற்றினோம். இத்தனை பீஸுக்கு ஒருமுறை இன்செர்ட் மாற்றியே ஆக வேண்டும் என்று எழுதி ஒட்டியதும் திட்டு வாங்கும் பயம் போயிற்று. இன்செர்ட் செலவு கொஞ்சம் கூடியதில் முதலாளிக்கு வருத்தம்தான். பீஸ் கணக்கைக் காட்டிய பிறகு பேச்சில்லை.

இன்னொன்று. ஓஇஇ 85 சதம் இருந்தால்தான் உலகத்தரம் என்று சொல்வார்கள். அது 90, 95, 99.9 மூன்றையும் பெருக்கி வந்தது. ஒரே நாளில் மூன்று செட்டிங் மாறும் ஜாப் ஒர்க்கில் அந்த எண்ணைச் சுவரில் ஒட்டி என்ன பிரயோசனம்? தன் போன மாதக் கணக்கோடு ஒப்பிட்டாலே போதும்.

உடுமலை, ஸ்பின்னிங் மில் மெயின்டனன்ஸ்:

எங்கள் கதை வேறுங்க. பங்குனி, சித்திரை வந்தால் நூல் முறுக்கும் ரிங் ஃப்ரேமில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த நூலை ஒட்டிப் பீஸ் போடுகிறவர்களுக்குக் கை ஓயாது. வேறு வழியில்லாமல் ஸ்பிண்டில் வேகத்தைக் குறைப்பார்கள். பழி எல்லாம் பஞ்சு மிக்ஸிங் மேல். ஈரப்பதம் 55, 60 சதம் இருக்க வேண்டிய ஹாலில் மதியத்தில் அது ரொம்பக் கீழே கிடந்தது. ஹாலுக்கு ஈரம் கொடுக்கும் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்டைத் திறந்தால் பாதி நாசில் அடைத்திருக்கிறது. நம்மூர் போர்வெல் தண்ணீர்தான் தெரியுமே, உப்பு படிந்து வெள்ளை வெள்ளையாக இறுகியிருந்தது. நாசிலைக் கழற்றி ஆசிடில் ஊறப்போட்டு மாட்டினோம், அப்புறம் உப்புப் படியாமல் தண்ணீரை மாற்றும் சாஃப்ட்னர் வைத்தோம். பழைய வேகத்துக்குத் திரும்ப முடிந்தது. ரிங்கில் ஓடி நூலை வழிநடத்தும் சின்னக் கொக்கியான டிராவலரை மாற்றும் தேதியைத் தள்ளிப்போடுவதும் இதே மாதிரி சத்தமில்லாத திருட்டுத்தான், அதைத் தனியாக எழுதுகிறேன்.

குறிச்சி சிட்கோ, ஃபிட்டர்:

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் பட்டறையில் மிஷினைத் துடைக்கும்போதுதான் லூசான போல்ட், விரிசல் விட்ட ஹோஸ், ஒழுகும் ஆயில் சீல் எல்லாம் கண்ணில் படும். சந்தனம் வைக்கத் துடைத்ததே இன்ஸ்பெக்‌ஷன் ஆகிவிடும். டிபிஎம்மில் (ஆபரேட்டர் உட்பட எல்லாரும் சேர்ந்து மிஷினைப் பராமரிக்கும் முறை) துடைப்பதே சோதனை என்பார்கள். ஜப்பானில் நிப்பான்டென்சோ கம்பெனி அந்த முறைக்கு 1971-லேயே விருது வாங்கியது. நம் ஆட்களுக்குப் புரியவைக்க, சனிக்கிழமை கடைசி அரை மணி நேரம் துடைப்பதற்கு மட்டும் என்று வைத்தோம். ஆபரேட்டரே துடைக்க வேண்டும், ஹெல்ப்பரை விடக்கூடாது. பார்த்த கோளாறுக்குச் சிவப்பு அட்டை கட்டுவார், நாங்கள் திங்கள்கிழமைக்குள் முடித்து அவிழ்க்க வேண்டும். ஒருமுறை அட்டை அவிழாமல் தொங்கினால் அடுத்த வாரம் யாரும் கட்ட மாட்டார்கள். ஸ்பேர் வாங்க முதலாளி கையெழுத்துப் போடாத இடங்களில் இதை எப்படி ஓட்டுகிறீர்கள் என்று யாராவது சொல்லுங்க.