சூரியனும் மீனும் ஒரே கட்டத்திலா?

தேயும்நிலா:
மகளின் பாடப்புத்தகத்தில் இரண்டு கட்டம். இடப்பக்கம் சூரியன், காற்று, நீர், காடு, மீன்: புதுப்பிக்கத்தக்க வளங்கள். வலப்பக்கம் நிலக்கரி, பெட்ரோலியம், தாதுக்கள்: புதுப்பிக்க இயலாதவை. சொல்லிக்கொடுக்கும்போது எனக்கே உறுத்தியது. இன்று எவ்வளவு வெயிலைப் பிடித்தாலும் நாளைய வெயில் குறையாது. மீன் அப்படியா? என் கட்சி இதுதான்: ‘புதுப்பிக்கத்தக்கது’ என்பது பொருளின் குணம் இல்லை, எடுக்கும் வேகத்துக்கும் திரும்ப வரும் வேகத்துக்கும் உள்ள கணக்கு.

பழையகணக்கு:
ஒப்பமாட்டேன். நிலக்கரியில் கணிசமான பங்கு சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடுகள் புதைந்து உண்டானது. எவ்வளவு மெதுவாகத் தோண்டினாலும் கொள்ளுப்பேரனுக்கு ஒரு கூடை புதிதாக ஊறப்போவதில்லை. மீனுக்குக் குஞ்சு பொரிக்கத் தெரியும், கரிக்குத் தெரியாது. இது குணம் இல்லாமல் வேறென்ன? ஒருவன் விதைநெல்லைத் தின்றுவிட்டான் என்பதற்காக நெல் முளைக்காத சாதி ஆகிவிடுமா?

தேயும்நிலா:
விதைநெல்லை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீன் 1968இல் சுமார் 8 லட்சம் டன் பிடிக்கப்பட்டது. 1992இல் பிடிக்கவே தடை. முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை போனது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காட் கூட்டமாகச் சேரும் மீன். மொத்த எண்ணிக்கை சரிந்தபோதும் மிச்சம் இருந்தவை ஓரிடத்தில் கூடின. சோனார் (ஒலி அனுப்பி மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) வைத்த இழுவைக் கப்பல்கள் நேராக அங்கே போய் அள்ளின. வலை நிறைந்ததால் கடலும் நிறைந்திருக்கிறது என்றே நம்பினார்கள். தடை போட்டு முப்பது ஆண்டு கழிந்தும் பழைய அளவுக்கு மீன் திரும்பவில்லை. குஞ்சு பொரிக்கத் தெரிந்த மீன்தான்!

பழையகணக்கு:
அது நிர்வாகத்தின் தோல்வி. மீனின் மேல் பழி போடாதீர்கள்.

சும்மாபடிப்பவன்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். புவிவெப்பத்தையும், அதாவது பூமிக்குள் இருக்கும் சூட்டையும், இடப்பக்கம்தான் போடுகிறார்கள். கலிபோர்னியாவின் கீசர்ஸ் களத்தில் 1960 முதல் நிலத்தடி நீராவியால் மின்சாரம் எடுக்கிறார்கள். 1980களின் இறுதியில் அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. பாறையில் சூடு அப்படியே இருந்தது, தீர்ந்தது தண்ணீர். அப்புறம் பக்கத்து ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்து பூமிக்குள் செலுத்தினார்கள். கழிவுநீர் இல்லாவிட்டால் அது என்ன வளம்?

பழையகணக்கு:
சரி, நல்ல உதாரணம். தண்ணீர் விஷயத்தில் நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். சவூதி அரேபியா பாலைவனத்தில் கோதுமை விளைவித்து ஏற்றுமதியே செய்தது. பாய்ச்சியது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை, ஆழத்துப் பாறையில் தங்கியது. இப்போதைய மழை அதை நிரப்பாது. 2016இல் அரசு உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலையே நிறுத்தியது. அந்த நீரை வலப்பக்கம் போடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எல்லாமே வேகக் கணக்கு என்று சொல்லிவிட்டால் நாளைக்குக் கரி விற்பவன் வந்து, ‘மீனும் தீர்கிறது, கரியும் தீர்கிறது, இரண்டும் ஒன்றுதான்’ என்பான். அந்த வாசலைத் திறந்துவிடாதீர்கள்.

தேயும்நிலா:
அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் வலப்பக்கக் கட்டமும் ஒரே சாதி இல்லையே. கரியை எரித்தால் போனது போனதுதான். அலுமினியத்தை உருக்கினால் மறுபடி அலுமினியம், அதுவும் தாதுவிலிருந்து எடுக்கச் செலவாகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதத்தில். ஹீலியம் இன்னும் வேடிக்கை: யுரேனியமும் தோரியமும் சிதைந்து பூமிக்குள் இன்றும் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. ஆனால் பலூனிலிருந்து கசிந்தால் காற்றில் கலந்து, மெல்ல விண்வெளிக்கே போய்விடும். இவை மூன்றும் ஒரே கட்டத்தில்!

சும்மாபடிப்பவன்:
அதெல்லாம் இருக்கட்டும், பிள்ளை தேர்வில் என்ன எழுதுவாள்?

பழையகணக்கு:
இரண்டு கட்டமும் புத்தகத்தில் உள்ளபடியே எழுதட்டும். திருத்துபவர் இந்தத் திரியைப் படித்திருக்கமாட்டார்.

தேயும்நிலா:
‘நிலத்தடி நீர் எந்த வகை?’ என்று கேட்டிருந்தால்?

பழையகணக்கு:
எத்தனை அடி ஆழத்து நீர் என்று வகுப்பில் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். தேர்வில் வேண்டாம்.