புதுப்பிப்பு: குளிரில் பாஸ் மீன் கடித்ததா?

தண்ணீர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போன பிறகும் பாஸ் என்ற நன்னீர் மீன் தூண்டிலைக் கடிக்குமா என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் "பேசாமல் வீட்டிலேயே இருங்கள்" என்றார்கள், மீதிப் பேர் "மெதுவாக இழுங்கள்" என்றார்கள். போய் வந்தாயிற்று. கடித்தது.

காலை முழுக்க ஒன்றுமில்லை. தூண்டில் கழியின் வளையங்களில் ஐஸ் கட்டி, தூண்டில் நரம்பு ஓடவே இல்லை. அதை உடைத்து உடைத்து நகக்கண் வலித்ததுதான் மிச்சம். மதியத்துக்கு மேல் வெயில் படும் செங்குத்தான பாறைக் கரைக்கு மாறினோம். அங்கே கரையை ஒட்டியே ஆழம் இருப்பதால் மீன் அதிகம் நீந்தாமலே மேலும் கீழும் போய்வரலாம்.

நடுநீரில் அசையாமல் நிற்கும் ஜெர்க்பெய்ட்தான் (சின்ன மீன் போன்ற செயற்கை இரை) வேலை செய்தது. கழியால் இரண்டு சுண்டு, அப்புறம் பொறுமை போகிற அளவுக்கு நிறுத்தம். குளிரில் பாஸின் உடல் இயக்கமே மந்தமாகிவிடும், ஓடுகிற இரையை அநேகமாகத் துரத்தாது. கடியும் வெடுக்கென்று இல்லை. நரம்பு லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்தது, ஈரத்துணி மாட்டியது போல ஒரு கனம், அவ்வளவுதான்.

ஜிக்கை (கொக்கியின் தலையில் எடை வைத்த செயற்கை இரை) கேட்டவர்களுக்கு: போட்டேன், மீன் சீண்டவில்லை. ஒரு நாளை வைத்து அதைக் குறை சொல்ல மாட்டேன்.

படம் எடுக்கிற ஆசையில் மீனை வெளியே வைத்திருக்காதீர்கள். உறைநிலைக்குக் கீழான காற்றில் செவுள் சீக்கிரம் கெட்டுவிடும். படகில் போனால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே வேண்டாம்.