மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட முடியாத அம்மாவுடன் உகாண்டா பயணம் – விலக்குக் கடிதம் போதுமா?

அடுத்த மாதக் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு எண்டெபி விமான நிலையம் வழியாக உகாண்டா போகிறேன். அங்கே நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். அம்மாவுக்கு அதைப் போட முடியவில்லை.

வயது 66. முன்பு தசைச் சோர்வு நோய்க்காக நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸால் ஆன ஊசி. தைமஸ் நோய் இருந்தவர்களுக்கு அந்த வைரஸே உள்ளுறுப்புகளைத் தாக்கும் ஆபத்து கூடுதல். 60 வயதுக்கு மேல் முதன்முறை போடுவதும் யோசிக்க வேண்டிய விஷயம். ஆக, மருத்துவர் மறுத்தது சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

தடுப்பூசி மையத்தில் மஞ்சள் அட்டையின் (சர்வதேசத் தடுப்பூசிச் சான்றிதழ்) விலக்குப் பக்கத்தை நிரப்பி முத்திரை வைத்தார்கள். காரணம் எழுதிய தனிக் கடிதமும் கையில் இருக்கிறது. விமான நிறுவனத்துக்குப் போன் செய்தால் ஒருவர் "பரவாயில்லை" என்கிறார், இன்னொருவர் "ஏற்ற மாட்டோம்" என்கிறார். தூதரகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. திரும்பும் வழியில் வேறு நாட்டில் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தவும் வாய்ப்பு உண்டாம், அதனால் இடைநிறுத்தமே இல்லாத டிக்கெட்டாகத் தேடுகிறேன். மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும் என்பதால் டீட் (கொசுவிரட்டி மருந்து) கலந்த பூச்சு, முழுக்கைச் சட்டை எல்லாம் தயார். மலேரியா மாத்திரையை மருத்துவர் தனியாகப் பார்த்துக்கொள்கிறார்.

விலக்குக் கடிதத்தோடு எண்டெபியில் இறங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, விமானம் ஏறும் இடத்திலும் குடிநுழைவிலும் என்ன கேட்டார்கள்?