ரேடார் இருந்தும் மூடுபனியில் ஃபெர்ரிகள் ஏன் மோதிக்கொள்கின்றன?

அக்கரைப்பயணி:
வேலைக்குப் போய்வருவதே ஃபெர்ரியில்தான். போன வாரம் மூடுபனியில் கப்பல் ஊர்ந்து போனது, விட்டு விட்டு ஹாரன் வேறு. ரேடார் இருக்கிறதே, எதற்கு இந்தத் தாமதம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். எதிரே வருவது திரையில் தெரியும்தானே? அப்புறம் எப்படி மோதல் நடக்கிறது? பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் அறையில்) நின்றவர்கள் யாராவது விளக்குங்களேன்.

பழைய மேட்:
பயணிகள் ஃபெர்ரியில் மேட்டாக, அதாவது கேப்டனுக்குக் கீழ் அதிகாரியாக இருந்தவன், சொல்கிறேன். திரையில் தெரிந்தால் மட்டும் போதாது, விலக நேரமும் வேண்டும். ஆளுக்கு 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் இரண்டு ஃபெர்ரிகள் எதிரெதிரே வந்தால், நடுவில் இருக்கும் ஒரு கடல் மைல் இரண்டே நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கப்பல் ஹாரன் கொடுக்க விதி அனுமதிக்கும் இடைவெளியும் அதிகபட்சம் அதே இரண்டு நிமிடம்தான். அதனால் முதல் வேலை வேகத்தைக் குறைப்பது.

1956 ஜூலையில் ஆண்ட்ரியா டோரியா, ஸ்டாக்ஹோம் என்ற இரண்டு பயணிகள் கப்பல்கள் மோதி 51 பேர் இறந்தார்கள். இரண்டிலும் ரேடார் இருந்தது, பல மைல் முன்பே ஒன்றையொன்று பார்த்தும்விட்டன. மூடுபனியிலும் டோரியா கிட்டத்தட்ட 22 நாட் வேகத்தில் வந்தது. விலகுவதற்காக இடப்பக்கம் வெறும் 4 டிகிரி திருப்பினார்கள். அவ்வளவு சின்னத் திருப்பம் எதிர்க்கப்பலின் திரையில் தெரியவே தெரியாது. ஸ்டாக்ஹோமில் இருந்தவர்களோ வலப்பக்கம் திருப்பினார்கள். திருப்பினால் எதிராளிக்குப் பளிச்சென்று தெரியும்படி, முன்கூட்டியே, பெரிதாகத் திருப்ப வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும்போது ஒரு கப்பல் வழிவிடும், மற்றது நேரே போகும். மூடுபனியில் அந்த உரிமை யாருக்கும் கிடையாது. சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 19ஆம் விதிப்படி இருவருமே விலக வேண்டும். முன்னால் வரும் கப்பலுக்காக இடப்பக்கம் திருப்புவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். முன்னாலிருந்து ஹாரன் கேட்டு, மோதும் அபாயம் இல்லை என்று உறுதியாகத் தெரியாவிட்டால், சுக்கான் பிடிக்கும் அளவுக்கு வேகத்தை இறக்கு, தேவைப்பட்டால் நிறுத்திவிடு.

திரையில் நான் பார்ப்பது ஒன்றுதான். எதிரே வரும் புள்ளியின் மேல் ஒரு பேரிங் கோடு, அதாவது நம் கப்பலிலிருந்து அது இருக்கும் திசையைக் காட்டும் கோடு போட்டுவிடுவேன். புள்ளி கோட்டைவிட்டு விலகினால் சரி. கோட்டிலேயே வழுக்கிக்கொண்டு நெருங்கினால் மோதப்போகிறோம் என்று அர்த்தம்.

அக்கரைப்பயணி:
விஎச்எஃப் ரேடியோவில் எதிர்க்கப்பலோடு பேசி முடிவு செய்துகொள்ளலாமே?

எஞ்சின்ரூம்:
நான் கீழே வேலை பார்க்கிறவன். மூடுபனி என்றதும் பிரிட்ஜிலிருந்து எங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் உடனே குறைக்கவும் பின்னோக்கி ஓட்டவும் தயாராக இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. கேட்ட பிறகு தயார் செய்ய ஆரம்பித்தால் காரியம் கெட்டது.

பழைய மேட்:
பேசலாம், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. திரையில் ஐந்து புள்ளி இருக்கும்போது, "சரி, வலப்பக்கம் போகிறேன்" என்றவர் எந்தப் புள்ளி? கப்பல் தன் பெயரையும் இடத்தையும் தானாக ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவி பெயர் காட்டும், உண்மைதான். அது இல்லாத மீன்பிடிப் படகுகள் எத்தனையோ. மரப்படகு ரேடாரிலும் மங்கலாகத்தான் தெரியும். அதனால்தான் வெளியே ஒரு ஆள் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது.

1955இல் ஜப்பானின் செட்டோ கடலில் ஷியுன் மாரு ஃபெர்ரி மூடுபனியில் இன்னொரு ஃபெர்ரியோடு மோதி 168 பேர் போனார்கள். நிறையப் பேர் பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள். நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. பக்கத்தில் சலித்துக்கொள்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மூடுபனி நாளில் நேர அட்டவணை செல்லாது என்று நிர்வாகமே முன்கூட்டி அறிவித்துவிட்டால், கேப்டன் யாருக்கும் பதில் சொல்லாமல் வேகத்தைக் குறைப்பார்.