புறங்கைக்குக் காப்பு, உள்ளங்கைக்கு உணர்வு: போர்வீரரின் கையுறையும் என் அனுபவமும்

போர்க் கவசம் என்றதும் தலைக்கவசத்தையும் மார்புக் கவசத்தையும் பற்றியே இங்கு பலரும் தங்கள் அனுபவங்களை எழுதியிருக்கிறீர்கள். நான் கையைப் பற்றி எழுத விரும்புகிறேன். அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலரைப் போலவே பியகம சுதந்திர வர்த்தக வலயத்துக்கு வேலைக்குப் போய், அங்கே ஒரு கையுறைத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தவள் நான்.

தொழிலாளர் கையுறைகளுக்கான இ.என். 388 என்னும் ஐரோப்பிய நியமத்தின்படி, உள்ளங்கைப் பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, எடையேற்றிய சிறு வட்ட அலகின் கீழ் வைப்போம். அலகு முன்னும் பின்னும் ஓடியபடியே சுழலும். துண்டு முற்றாக அறுந்து அடியிலுள்ள உலோகத்தை அலகு தொட்டதும் இயந்திரம் நின்றுவிடும். பருத்தி விரைவில் அறுந்துபோகும். 1965 இல் டூபொன்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லார் போன்ற இழைகளோ அலகையே மழுங்கடித்துவிடும். அதனால்தான் 2016 இல் அந்நியமம் திருத்தப்பட்டபோது, நேரான அலகை ஒருமுறை மட்டும் இழுத்து வெட்டும் சோதனையும் சேர்க்கப்பட்டது. இதே கையுறைகளுக்கு வேறொரு சோதனையும் உண்டு. கையுறை அணிந்தவர் மேசையிலுள்ள உலோகக் குச்சிகளை விரலால் எடுக்க வேண்டும். மிக மெல்லிய குச்சி 5 மில்லிமீற்றர் தடிப்புடையது. வெட்டுச் சோதனையில் நன்றாகத் தேறிய தடித்த கையுறைகள் பல இந்தக் குச்சியிடம் தோற்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வீரர்களின் கையுறை வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது, இந்த இரண்டு சோதனைகளுக்கும் இடையிலான இழுபறியையே அதன் ஒவ்வொரு கட்டத்திலும் கண்டேன். 12, 13 ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பிய வீரர்கள் அணிந்த வளையச் சங்கிலிச் சட்டையின் கையோடு சேர்த்தே, விரல் பிரியாத ஓர் உறை பின்னப்பட்டிருந்தது. வேண்டும்போது கையை வெளியே எடுப்பதற்காக அதன் உள்ளங்கைப் பக்கத்தில் ஒரு பிளவு விடப்பட்டது. 14 ஆம் நூற்றாண்டில் தகட்டுக் கையுறை வந்தபோதும், இரும்புத் தகடுகள் புறங்கையையும் விரல்களின் மேற்புறத்தையுமே மூடின; வாளின் பிடியைப் பற்றும் உள்ளங்கையில் தோல் மட்டுமே இருந்தது. அந்தக் கொல்லர்கள் கையின் தேவையை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. 1376 இல் இறந்த இங்கிலாந்து இளவரசர் எட்வர்டின் கையுறைகள் கன்டர்பரி தேவாலயத்தில் அவரது கல்லறைக்கு மேலே தொங்கவிடப்பட்டிருந்தன.

உணர்வுக்காகக் காப்பைத் துறந்தவர்களின் நிலை என்னவாயிற்று என்பதை 1940 ஆம் ஆண்டின் பிரித்தானிய வான்போர் காட்டுகிறது. போர் விமானங்களில் எரிபொருள் தாங்கி விமானிக்கு முன்னாலேயே இருந்தது; அது தீப்பற்றியதும் சுவாலை நேரே முகத்தையும் கையையும் தாக்கியது. விசைகளைத் தொட்டுணர வேண்டும் என்பதற்காகக் கையுறையைக் கழற்றிவிட்டுப் பறந்தவர்களும் இருந்தார்கள். கிழக்கு கிறின்ஸ்டெட் மருத்துவமனையில் இவர்களுக்குச் சிகிச்சையளித்த ஆர்ச்சிபால்ட் மக்கின்டோ, தீப்புண்களுக்கு அன்று வழக்கமாகப் பூசப்பட்ட தனிக் அமிலத்தை (tannic acid) எதிர்த்தார். அது புண்ணின்மேல் இறுகிய பொருக்காகி விரல்களைச் சுருங்கச் செய்தது. கடலில் விழுந்து உயிர் தப்பிய விமானிகளின் புண்கள் நன்றாக ஆறியதைக் கண்ட அவர், உப்புநீர்க் குளியலைக் கையாண்டார்.

1960 களில் தீயில் உருகாத நோமெக்ஸ் இழை வந்தபின் உருவான விமானிக் கையுறையைப் பாருங்கள்: புறங்கைக்கு நோமெக்ஸ், உள்ளங்கைக்கு மெல்லிய தோல். அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கொல்லரின் தீர்ப்பும் இதுவே.

தியத்தலாவையில் எங்கள் அயலில் வசிக்கும் மலாய் ஐயா ஒருவர், இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர், தம் பழைய கையுறையை எனக்குக் காட்டினார். வலது சுட்டுவிரலின் நுனி வெட்டப்பட்டு, ஓரம் பிரியாமல் கறுப்பு நூலால் சுற்றித் தைக்கப்பட்டிருந்தது. "விசையை விரல் உணர வேண்டும் மகள், இல்லாவிட்டால் எப்போது வெடிக்கும் என்று எனக்கே தெரியாது" என்றார். மாசி மாதத்து விடியற்குளிரில் அந்த ஒரு விரல் மட்டும் விறைத்துப்போகும் என்றும் சொன்னார். தேயிலை பறிக்கும்போது முரட்டுக் கிளையும் ஈர இலையும் கீறாமலிருக்க எங்கள் அம்மாமார் விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். ஆனால் கொழுந்தைக் கிள்ளும் நுனியை மட்டும் மூடமாட்டார்கள். ஐயாவின் தையலைப் பார்த்ததும் எனக்கு அதன் காரணம் புரிந்துவிட்டது.

1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தைவிட்டு வன்னிக்குப் போன எங்கள் உறவினர் குடும்பங்களில் ஒன்று கிளிநொச்சியில் இருக்கிறது. அங்கே என் சித்தியின் மகள் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தாள். முகத்துக்கு வெடிச்சிதறல் தாங்கும் தெளிவான மறைப்பும், உடலின் முன்பக்கத்துக்குக் கனமான மேலங்கியும் அவளுக்கு உண்டு. கைக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டேன். நீண்ட கைப்பிடியுள்ள வாரியைக் காட்டினாள். இலங்கையிலேயே வளர்த்தெடுக்கப்பட்ட முறை அது. மண்ணை மெல்ல வாரி வெடியை வெளிக்கொணரும்போது, கைக்கும் வெடிக்கும் இடையே தூரம் இருக்கிறது. "கையுறை எவ்வளவு தடித்தாலும் அந்தத் தூரத்தைத் தராது அக்கா" என்றாள். கைக்காப்பு என்பதைத் துணியாகவும் தோலாகவும் மட்டுமே எண்ணியிருந்த எனக்கு அது பெரிய பாடம்.

தியத்தலாவைப் பயிற்சி முகாமிலோ, கண்ணிவெடி அகற்றும் குழுக்களிலோ பணியாற்றியவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு வழங்கப்பட்ட கையுறையில் நீங்களே எதை வெட்டினீர்கள், எதைச் சேர்த்துத் தைத்தீர்கள் என்பதை அவசியம் எழுதுங்கள்.