புது ஏர் ரைஃபிள் வாங்கினவங்க: பெட்டியைப் பிரிச்சதும் என்ன இருந்துச்சு? அனுபவத்தைச் சொல்லுங்க

மதுரை_அப்பா:
மகளுக்கு வாங்கினது. பேரலை, அதாவது குழலை, மடக்கி லோடு பண்ற ஸ்பிரிங் ரைஃபிள், நம்ம நாட்டுத் தயாரிப்பு. கம்பெனி பேரு வேண்டாம். அவகூட ரேஞ்சுக்கு வர்ற பொண்ணும் அதே கடையில அதே மாடல்தான் வாங்கினா. அந்தப் பொண்ணு சுட்டது அத்தனையும் ஒரு ரூபாய்க் காசுக்குள்ள அடங்குது. எங்களுது இடப்பக்கமா ஒதுங்கிக்கிட்டே போச்சு. குறி பார்க்கற பின் சைட்டை வலப்பக்கம் கடைசி வரைக்கும் திருகியாச்சு, அதுக்கு மேல திருக இடமில்ல, அப்பவும் டார்கெட்டோட கறுப்பு வட்டத்துக்கு வெளியேதான் விழுது. கோச் வாங்கிப் பின்னாலிருந்து பேரல் மேல கண்ணை ஓட்டினார். முன் சைட் வலப்பக்கம் சாஞ்சு நிக்குது. அளவுகோலே வேண்டாம், வெறுங்கண்ணுக்கே தெரியுது.

அந்த இடத்துல மக கேட்டா, "அப்போ நான் பிடிச்சது சரிதானா சார்?" அத்தனை நாளும் தன் தோள்லயும் மூச்சுலயும்தான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கா புள்ள. பணம் போனா போகட்டும். அந்தக் கேள்வியைத்தான் என்னால இன்னும் தாங்க முடியல.

பீளமேடு_லேத்:
என்னுதுல சைட் நேரா இருந்துச்சு, பேரல் வாய்தான் கோளாறு. துடைக்கலாம்னு பஞ்சை நுழைச்சு வெளிய இழுத்தேன், நூல் மாட்டிக்கிச்சு. லென்ஸ் வச்சுப் பார்த்தா வாய் விளிம்புல ஒரு பக்கம் மட்டும் பிசிறு. பெல்லட்டோட, அதாவது குண்டோட, பாவாடை மாதிரி விரிஞ்ச பின்பக்கம் கடைசியா தொட்டுட்டுப் போற இடம் அது. அங்க பிசிறு இருந்தா காத்து ஒரு பக்கம் முந்திக்கிட்டு வெளியேறும், பெல்லட் தலை ஆடும். பத்து மீட்டர் டார்கெட்ல பத்து மார்க்குங்கறது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதுக்கு இந்தப் பிசிறு போதும், நாள் பூரா வீணாகும்.

இருபது வருஷத்துக்கு மேல லேத்துலயே நிக்கிறவன் நான், அதனாலதான் கோவம். டூல் முனை புதுசா இருக்கும்போது வர்ற பீஸும், மழுங்கின பிறகு வர்ற பீஸும் ஒண்ணா இருக்காது. எப்ப மாத்தணும்னு மெஷின்ல நிக்கிறவருக்குத் தெரியும். உற்பத்தி எண்ணிக்கைக்காக "இன்னும் கொஞ்சம் ஓட்டு"ன்னு மேல இருந்து சொல்லுவாங்க. நூறுல சிலதை மட்டும் எடுத்துப் பார்த்துட்டு மத்ததைப் பெட்டில போட்டுடுவாங்க. அதனாலதான் ஒரே மாடல்ல ஒருத்தருக்குத் தங்கமா அமையுது, இன்னொருத்தருக்குத் தலைவலி. பிசிறு எடுக்க அரை நிமிஷம் ஆகாது.

சேலத்து_குறி:
எனக்கு வந்ததுல ஸ்டாக் (தோள்ல வைக்கிற கட்டை) ஸ்க்ரூ லூசா இருந்துச்சு, இறுக்கினேன், முடிஞ்சுது.

மதுரை அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, ஸ்பிரிங் துப்பாக்கியை எடுத்த எடுப்புல குறை சொல்லக் கூடாது. டிரிகரை இழுத்ததும் உள்ள கனமான பிஸ்டன் முன்னால பாயும், துப்பாக்கி பின்னால உதைக்கும். பிஸ்டன் முனைல போய் நின்னதும் திரும்ப முன்னால இழுக்கும். பெல்லட் பேரலை விட்டு வெளிய வர்றதுக்குள்ள இவ்வளவும் நடக்குது. அதனால இறுக்கிப் பிடிக்கவே கூடாது. இடது உள்ளங்கையை விரிச்சு அதுமேல துப்பாக்கியைச் சும்மா உக்கார வைக்கணும், ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல. தோள்ல அழுத்தக் கூடாது. புதுசுல கிரீஸ் அதிகமா இருந்தா பிஸ்டன் அழுத்துற சூட்டுல அது எரிஞ்சு டப்புன்னு சத்தமும் புகை வாடையும் வரும், அந்த நேரம் வேகம் தாறுமாறா இருக்கும், ஒரு டப்பா பெல்லட் தீர்ற வரைக்கும் குண்டெல்லாம் ஒரே இடத்துல விழுதான்னு குரூப்பிங்கே பார்க்காதீங்க. பெல்லட்டையும் மாத்திப் பாருங்க. 4.5 மில்லிமீட்டர்னு எழுதியிருந்தாலும் தலை அளவு 4.49, 4.50, 4.51னு தனித்தனியா வருது, ஒவ்வொரு பேரலுக்கும் ஒண்ணுதான் பிடிக்கும். தட்டைத் தலை பெல்லட்தான் பேப்பர் டார்கெட்டுக்கு. பெல்லட் இல்லாம வெறுமனே சுடவே கூடாது, முன்னால காத்து மெத்தை இல்லாம பிஸ்டன் நேரா போய் இடிச்சு சீல் கிழியும். பேரலை மடக்கும்போது கையை எடுத்துடாதீங்க. வாரம் ஒருமுறை எல்லா ஸ்க்ரூவையும் பாருங்க.

மதுரை_அப்பா:
தம்பி, நீங்க சொன்னது எல்லாம் கோச் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்ததுதான். சாஞ்ச சைட்டைப் பிடிமானம் நிமித்துமா? அதே கோச் அந்தப் பொண்ணோட துப்பாக்கியையும் எங்களுதையும் மாத்தி மாத்திச் சுட்டுப் பார்த்தார். அவர் கையிலயும் எங்களுது இடப்பக்கம்தான் போச்சு.

பீளமேடு_லேத்:
சேலம் தம்பி, வாங்கினவர் ஒரு டப்பா பெல்லட்டைக் காலி பண்ணி சரிபண்ணிக்கணும்னா, அந்தச் செலவைக் கம்பெனி நம்ம தலையில கட்டுதுன்னு அர்த்தம். பழக்கமாயிட்டதால அது நியாயமாயிடாது.

அண்ணாநகர்_பிசிபி:
எங்க கதை வேற. சிலிண்டர்ல அடைச்ச காத்துல சுடற இறக்குமதி மேட்ச் (போட்டி) ரைஃபிள், லட்சக்கணக்குல விலை. அந்தத் துப்பாக்கியிலயே ஃபாக்டரியில சுட்டுப் பார்த்த டார்கெட் அட்டை, சீரியல் நம்பரோட பெட்டிக்குள்ள இருந்துச்சு. எல்லாம் ஒரே ஓட்டை. அதைப் பார்த்து நிம்மதியா இருந்தப்போ பையன் சிலிண்டரைத் திருப்பினான். அதுல பொறிச்சிருந்த வருஷம் மூணு வருஷம் பழசு.

காத்து சிலிண்டருக்கு ஆயுள் அதிகபட்சம் 10 வருஷம். காலாவதி ஆகாம பார்த்துக்க வேண்டியது சுடுறவர் பொறுப்புன்னு சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் விதியே சொல்லுது. புதுசுன்னு முழுப் பணம் வாங்கிட்டு மூணு வருஷத்தைக் கழிச்சுக் கொடுத்திருக்காங்க. வியாபாரிகிட்ட கேட்டா, "சார், இது யாரும் பார்க்க மாட்டாங்களே"ங்கறார். நாங்க பார்த்துட்டோமே ஐயா!

சேலத்து_குறி:
மதுரை அண்ணே, கோச் சுட்டும் இடப்பக்கம்தான்னா அது சைட்டேதான். மாத்திக் கேளுங்க, விடாதீங்க. நீங்களே இடுக்கி வச்சு நிமித்த மட்டும் போகாதீங்க, கை வச்சா வாரண்டி இல்லன்னுடுவான்.

நெல்லை_ரேஞ்ச்:
நான் கடையிலயே பிரிச்சுப் பார்க்கணும்னு கேட்டேன். "பிரிச்சா வேற யாரும் வாங்க மாட்டாங்க, எடுத்துட்டுப் போய் வீட்ல பாருங்க"ன்னார். குண்டு வேகத்தோட சக்தி 20 ஜூலுக்கும் குழல் அளவு 0.177 அங்குலத்துக்கும் உட்பட்டது, லைசென்ஸ் வேண்டாம்னு மட்டும் மூணு தடவை சொன்னார். அதை நான் கேக்கவே இல்ல. 2016 ஆயுத விதியில இருக்கறது எனக்கும் தெரியும். நான் கேட்டது பேரலும் ஸ்டாக்கும் ஒரே கோட்டுல இருக்கான்னு. கல்லாவுக்கு முன்னாலயே நின்னேன். பின்னால வரிசை சேர்ந்ததும் ரெண்டு பெட்டியைப் பிரிச்சார். ஒண்ணுல பேரலை மடக்கி மூடினா கீல்ல லேசா ஆட்டம், விரலுக்கே தெரிஞ்சுது. அடுத்ததுல இல்ல. அந்த ரெண்டாவதைத்தான் வாங்கிட்டு வந்தேன். முதல் பெட்டியை அவர் திரும்ப டேப் ஒட்டி அலமாரியில வச்சார். அதை யார் வாங்கினாங்களோ, அதுதான் என் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.