திறந்த எலும்பு முறிவு: ஆன்டிபயாட்டிக் ஊசியை மூன்றே நாளில் நிறுத்தியது சரியா?

காவேரிப்பட்டணம் வாசகர்:
மாந்தோப்பில் டிராக்டர் கவிழ்ந்து, என் மைத்துனரின் முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. புண்ணில் மண்ணும் சாணமும் அப்பியிருந்தன. மருத்துவமனையில் எக்ஸ்ரேவுக்கு முன்பே ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டு, பிறகு அறுவை அரங்கில் புண்ணைச் சுத்தம் செய்து, வெளியிலிருந்து கம்பி பொருத்தினார்கள். ஆனால் மூன்றாம் நாளே ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதமாவது போட வேண்டாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

எலும்பு அறுவை மருத்துவர், தர்மபுரி:
நிறுத்தியது முறையான சிகிச்சைதான். இதில் பெரிதும் பலன் தருவது முதல் ஊசி எவ்வளவு விரைவில் போகிறது என்பதே. அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. கிருமிகள் எலும்பிலும் செத்த தசையிலும் ஒட்டிக்கொண்டு தம்மைச் சுற்றி ஒரு படலத்தை அமைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு எவ்வளவு மருந்து கொடுத்தாலும் அது உள்ளே எட்டுவது கடினம். 1974இல் வெளியான பட்சாகிஸ் குழுவினரின் ஆய்வில், ஆன்டிபயாட்டிக் பெறாதவர்களில் 13.9 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டது; செஃபலோதின் என்ற ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே ஏற்பட்டது.

எந்த மருந்து என்பது, புண்ணின் அளவையும் தசைச் சிதைவையும் வைத்துத் திறந்த முறிவுகளை மூன்று வகையாகப் பிரிக்கும் கஸ்டிலோ–ஆண்டர்சன் வகைப்பாட்டைப் பொறுத்தது. சிறிய புண்ணுக்குப் பெரும்பாலும் செஃபசோலின் போதும்; தசை பெரிதாகச் சிதைந்த மூன்றாம் வகையில் ஜென்டாமைசின் போன்றதைச் சேர்ப்போம்; தோட்டத்து மண்ணும் சாணமும் கலந்திருந்தால், ரண அழுகலை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியை எண்ணிப் பென்சிலினும் தருவது பல காலமாக உள்ள வழக்கம். புண்ணைத் தசையாலும் தோலாலும் மூடும்வரை, அல்லது அதிகபட்சம் 72 மணி நேரம் கொடுத்தால் போதும். அதற்கு மேல் நீட்டினால் தொற்று குறைவதில்லை. மருந்துக்கு மசியாத கிருமிகள் வளரவும், ஜென்டாமைசினால் சிறுநீரகம் கெடவுமே வழி பிறக்கும். இன்னொன்று: இரத்தம் ஓடாத செத்த தசைக்கு ஊசி மருந்து போய்ச் சேராது என்பதால், அதை வெட்டி அகற்றும் அறுவையை எந்த ஊசியாலும் ஈடுசெய்ய முடியாது.

காவேரிப்பட்டணம் வாசகர்:
நன்றி, டாக்டர். அப்படியானால் இனி தொற்று வராது என்று நம்பலாமா?

அவசரப் பிரிவுச் செவிலியர், கிருஷ்ணகிரி:
அப்படிச் சொல்லிவிட முடியாது, அண்ணா. காய்ச்சல், புண்ணிலோ கம்பி நுழையும் இடத்திலோ சீழ், துர்நாற்றம், குறைந்துவந்த வலி மறுபடி கூடுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், கடையில் மாத்திரை வாங்கித் தராமல் அறுவை செய்த மருத்துவரிடமே அழைத்துச் செல்லுங்கள். சில மாதங்கள் கழித்துக்கூட எலும்பில் சீழ் பிடிக்கலாம்.

தொப்பூர் கணவாய் விபத்துகளைப் போன்ற சமயங்களில் உடன் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியே நீட்டும் எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். மஞ்சள்தூளோ காப்பித்தூளோ அப்பாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, காலை அசையாமல் கட்டி, உடனே 108ஐ அழையுங்கள். நாட்டு எலும்பு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் எங்களிடம் வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அதைப் பார்க்கும்போதுதான் மனம் பதைக்கிறது.

டெட்டனஸ் தடுப்பூசி போட்ட விவரம் டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்; இல்லையென்றால் அடுத்த முறை கட்டு மாற்றப் போகும்போது கேளுங்கள்.